எரிந்தால் திரும்ப வாங்க முடியாத பாட்டுகள்: வீட்டு இசைச் சேமிப்பைக் காக்கச் சில குறிப்புகள்

மாத்தளை மாவட்டத்தில் பழைய பாட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இன்னும் நிறைய உண்டு. நகரத்துக் கடைத்தெரு வீடுகளில் கிராமபோன் தட்டுகள் இருக்கும். ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் தகரப் பெட்டி நிறைய கசட்டுகள் இருக்கும். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் ராஜேஸ்வரி சண்முகமும் பேசிய காலத்தில், டேப் ரெக்கோர்டரை றேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்த நிகழ்ச்சிகள் அவற்றில் கிடக்கும். அவற்றுக்கு நடுவே காமன் கூத்து, பொன்னர் சங்கர், தேர்த் திருவிழா நாதஸ்வரம், பாட்டி பாடிய தாலாட்டு என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமான நாடாக்களும் இருக்கும்.

எழுத்தும் பாட்டும் தீயில் போவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. 1983 ஜூலையில் ஹெந்தலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது, பல சிங்களப் படங்களின் மூலச் சுருள்கள் அதோடு போயின. அதே ஜூலையில் நம் முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கு இரையானது. கோயிலை மறுபடி எழுப்பிவிட்டோம். இன்று மாசி மகத்தில் ஐந்து தேரும் ஓடுகின்றன. அந்த நாட்களில் எரிந்த வீடுகளுக்குள் இருந்த இசைத்தட்டுகளுக்கும் கசட்டுகளுக்கும் கணக்கு ஏது?

வன்முறையை ஒரு குடும்பம் தனியாகத் தடுக்க முடியாது. மின்கசிவு, விறகடுப்பு, மண்சரிவு, பூஞ்சணம் ஆகியவற்றால் வரும் இழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். செலவும் அதிகமில்லை.

1. முதலில் பிரித்து வையுங்கள். எல்லாம் ஒரே மதிப்புடையவை அல்ல. கடையில் வாங்கிய திரைப்பாட்டுக் கசட் எரிந்தால், அந்தப் பாட்டு வேறெங்காவது கிடைக்கும். உங்கள் அப்பாவின் குரலும், உங்கள் தோட்டத்துக் கூத்து வாத்தியார் பாடிய விருத்தமும் வேறெங்கும் கிடைக்காது. ஆகவே மூன்று குவியலாகப் பிரியுங்கள்: நம் வீட்டில் மட்டுமே இருப்பவை, தேடினால் அரிதாகக் கிடைப்பவை, எளிதில் கிடைப்பவை. பிரதி எடுப்பதும் அவசரத்தில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இந்த வரிசைப்படியே நடக்கட்டும். விலை உயர்ந்த எல்.பி. தட்டை முதலில் காப்பாற்றவே மனம் சொல்லும். அதற்குச் செவி கொடுக்காதீர்கள். அட்டையில்லாத பழைய கசட்தான் முதலில் வர வேண்டியது.

2. ஒரு சி.ஆர். கொப்பியில் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். "கசட் 14, பக்கம் அ, காமன் கூத்து, ரதி புலம்பல், பாடியவர் இன்னார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு மாசி" என்ற அளவுக்கு விவரம் வேண்டும். பாடியவர் பெயர் தெரியாவிட்டால், தெரிந்த முதியவர் உயிரோடு இருக்கும்போதே நாடாவைப் போட்டுக் காட்டிக் கேட்டு எழுதுங்கள். பெயரில்லாத குரலுக்குப் பத்து வருடம் கழித்துப் பெயர் தேடுவது மிகவும் கடினம். கொப்பியின் பக்கங்களையும் தட்டுகளின் உறைகளையும் கைப்பேசியில் படம் பிடித்து, வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். கொப்பியும் கசட்டுகளோடு சேர்ந்து எரிந்துவிட்டால் பட்டியல் போட்டதற்குப் பயனில்லை.

3. ஒரே ஒரு பிரதி வீட்டில் இருக்கிறதென்றால், அது பாதி தொலைந்ததற்குச் சமம். இந்தப் பாடத்தைக் கற்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் சுமார் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் நாட்டை வாட்டின. அதுவரை பௌத்த நூல்கள் பிக்குகளின் மனப்பாடத்தில் மட்டுமே இருந்தன. ஓதுகிறவர்கள் இறந்தால் ஓதுவதும் இறந்துவிடும் என்று பயந்து, அந்தக் குகைகளில் கூடித் திரிபிடகத்தை ஓலையில் எழுதி வைத்தார்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படை அங்கிருந்த சுவடி நூலகத்தை அழித்தது. நூலகம் போனது, திரிபிடகம் போகவில்லை. ஏனென்றால் அதற்குள் அதன் பிரதிகள் பல விகாரைகளுக்கும் பல நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன.

பிரதி எடுக்காமல் ஒரே இடத்தில் குவித்து வைத்தால் பெரிய நிறுவனத்துக்கும் இதே கதிதான். 2008 ஜூன் 1ஆம் திகதி ஹொலிவூட்டில் யுனிவர்சல் நிறுவன வளாகத்தில் தீப்பிடித்தபோது, இசைப் பதிவுகளின் மூல நாடாக்கள் வைத்திருந்த கட்டடமும் எரிந்தது. உலகப் புகழ் பெற்ற பாடகர்களின் மூலப் பதிவுகள் அதில் இருந்தன என்பது 2019இல்தான் பரவலாகத் தெரியவந்தது. 2018 செப்டெம்பரில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, அந்நாட்டுப் பழங்குடிகளின் மொழிகளையும் பாட்டுகளையும் பதிந்த நாடாக்கள் கருகின. பணமும் காவலும் உள்ள இடத்திலேயே இப்படி நடந்திருக்கிறது.

ஆவணக் காப்பாளர்களும் கணினித் துறையினரும் சொல்லும் எளிய கணக்கு இது: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், அவற்றில் ஒன்று வேறு ஊரில். மூல கசட் ஒன்று, வீட்டுக் கணினியில் ஒன்று, வெளியூர் உறவினரிடம் உள்ள ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று வைத்தால் கணக்குச் சரி.

4. "வேறு இடம்" என்றால் பக்கத்துக் காம்பரா அல்ல. பழைய லயங்களில் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள் இருக்கின்றன. இடைச்சுவர் பல இடங்களில் கூரை வரை போவதில்லை. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் கூரையடி மரங்கள் வழியாக வரிசை முழுவதும் பரவும். மலையகத்தில் லயன் வரிசை முழுவதுமாக எரிந்த செய்திகளை எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! ஆகவே பிரதி கண்டியிலோ கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கட்டும். வெள்ளமும் மண்சரிவும் ஒரு மாவட்டத்தை ஒரே நாளில் தாக்கக் கூடியவை என்பதால், மாவட்டத்துக்கு வெளியே இருப்பது நல்லது.

5. அடுப்பங்கரைச் சுவரின் மறுபக்கத்தில் அலுமாரி வேண்டாம். விறகடுப்புச் சுவர் நாள் முழுவதும் சூடேறி நிற்கும். தீப்பிடிக்காவிட்டாலும் அந்தச் சூட்டிலேயே தட்டு வளையும், நாடா கெடும். அட்டத்தில் விறகும் கசட் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கூரைத் தகரத்துக்கு அடியில் உள்ள அட்டம் வெயில் நாளில் வீட்டிலேயே மிகச் சூடான இடம். பாட்டுப் பெட்டியை இன்றே கீழே இறக்குங்கள். கேஸ் அடுப்பென்றால் படுக்கப் போகுமுன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள்.

6. நுளம்புச் சுருள், சாமி விளக்கு, மெழுகுதிரி, குப்பி விளக்கு ஆகிய நான்கையும் அலுமாரி இருக்கும் அறையிலிருந்து வெளியேற்றுங்கள். சுருளைத் தகரத் தட்டில் வைத்துத் திரைச்சீலைக்கு எட்டாத இடத்தில் கொளுத்துங்கள். சாமி படமும் பாட்டுப் பெட்டியும் ஒரே மேசையில் இருந்தால், கற்பூரத் தட்டு ஒரு நாள் சரியும். மின்வெட்டு நேரத்துக்கு மெழுகுதிரியை விட்டு ஒரு டோர்ச் வாங்கி வையுங்கள்.

7. மின்சாரம். பழைய எம்ப்ளிஃபயர், கசட் டெக், டர்ன்டேபிள், தொலைக்காட்சி நான்கையும் ஒரே மல்டி பிளக்கில் சொருகியிருப்போம். கையை வைத்துப் பாருங்கள். பிளக் சூடாக இருந்தால் உடனே கழற்றுங்கள். வட்டமுனைப் பிளக்கைச் சதுரமுனைச் சுவிட்சில் தீக்குச்சி குத்திச் சொருகும் பழக்கம் இன்னும் போகவில்லை. தளர்ந்த இணைப்பில்தான் பொறி பறக்கும். இறப்பரும் துணியும் சுற்றிய பழைய வயர்கள் இருக்கும் வீடுகளில், உரிமம் பெற்ற மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சில் 'டெஸ்ட்' என்றொரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால் அந்தச் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று பொருள்.

8. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும், இரு பருவமழைகளுக்கு இடையே பிற்பகலில் இடி இடிக்கும். வானம் இருண்டதும் இசைக் கருவிகளின் பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிரதி வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் எப்போதும் கணினியோடு இணைந்தே இருந்தால், ஒரே மின்னலில் இரண்டும் போகும்.

9. தட்டுகளையும் கசட்டுகளையும் நிமிர்த்தி வையுங்கள். எல்.பி. தட்டுகளைக் கிடையாக அடுக்கினால் அடியில் உள்ளது வளையும், 78 தட்டுகளை அடுக்கினால் அடியில் உள்ளது உடையும். நிமிர்த்தும்போது சாய்ந்து நிற்காமல், இறுக்கிப் பிடிக்காமல், இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக வையுங்கள். நூறு எல்.பி. தட்டு உறைகளோடு இருபது கிலோவுக்கு மேல் நிறுக்கும் என்பதால் பலகை உறுதியாக இருக்க வேண்டும். கீழ்த்தட்டு நிலத்திலிருந்து ஓர் அடியாவது உயரட்டும்; அது மழைநீருக்கும் கறையானுக்கும் சேர்த்து. சுவரை ஒட்டாமல் நாலு விரல் விட்டு நிறுத்துங்கள். மலைச் சாரலில் நனைந்த சுவர் ஈரத்தை உறைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கசட்டுகளை ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளிருக்கும் காந்தம் நாளடைவில் பதிவைக் கெடுக்கும்.

10. இரும்பு அலுமாரியைத் தீக்காப்பு என்று நம்ப வேண்டாம். சூடேறிய இரும்பு அலுமாரிக்குள் இருப்பது போறணைக்குள் இருப்பது போலத்தான். கடைகளில் விற்கும் தீக்காப்புப் பெட்டகங்களும் பெரும்பாலும் காகிதத்துக்காகச் செய்தவை. வெளியே தீ எரியும்போது உள்ளே 177 பாகை செல்சியஸைத் தாண்டாமல் காப்பதுதான் அவற்றின் வேலை. உறுதிப் பத்திரத்துக்கு அது போதும். எல்.பி. தட்டு 60 பாகையைத் தாண்டினாலே வளையத் தொடங்கும். காந்த நாடாவுக்கும் கணினி வட்டுகளுக்கும் உள்ள பெட்டகம் உள்ளே 52 பாகையைத் தாண்டவிடாதது. அதன் விலை மிக அதிகம். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பிரதியை இரண்டு ஊரில் வைப்பதே நல்லது.

11. ஒரு தீயணைப்புக் கருவி வாங்க முடியுமென்றால், இசைக் கருவிகள் உள்ள அறைக்குக் காபனீரொட்சைட்டு வகையைக் கேட்டு வாங்குங்கள். அது மின்சாரத் தீக்கு ஏற்றது, எச்சமும் விடாது. தூள் வகை தீயை அணைக்கும், ஆனால் அந்தத் தூள் கருவிகளுக்குள் புகுந்து உலோகத்தை அரிக்கும். சமையலறைக்குத் தூள் வகை போதும். மின்சாரம் ஓடும் கருவியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

12. தீயை விடப் பூஞ்சணம்தான் நம் பக்கத்தில் அதிக நாடாக்களைத் தின்றிருக்கிறது. நக்கிள்ஸ் அடிவாரத்து ஈரத்தில் கசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால், நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைத் தூள் தெரியும். தெரிந்தால் அதை ரெக்கோர்டரில் போடாதீர்கள். கருவியின் வழியாக மற்றக் கசட்டுகளுக்கும் அது பரவும். தனியாக உலர்ந்த இடத்தில் எடுத்து வையுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான தூரிகையால் துடையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் சேர்த்து, மூடியிறுகிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கசட்டுகளோடு போடுங்கள். மாதம் ஒரு நாள், வெயில் நேரடியாகப் படாமல், அலுமாரிக் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். பூச்சி உருண்டை வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக் வகைகளைக் கெடுக்கும்.

13. தட்டுகளைத் துடைப்பதில் ஓர் எச்சரிக்கை. பழைய 78 தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரையும். ஒருபோதும் ஸ்பிரிட்டோ ஷேவிங் லோஷனோ தொடக் கூடாது. சுத்தமான தண்ணீரில் இலேசாக நனைத்த மெல்லிய துணியால், நடுவிலுள்ள காகித லேபலில் ஈரம் படாமல், பள்ளங்களின் வட்டத்தோடு துடைத்து உடனே உலர்த்துங்கள்.

14. கசட்டைப் பிரதி எடுக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது இதுதான்.

முதலில் கசட்டின் பின்புறத்திலுள்ள இரண்டு சிறிய தடுப்புகளை உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யாரும் தவறிப்போய் அதன்மேல் பதிய முடியாது. நாடாவுக்குப் பின்னால் சிறிய பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கிக் கேட்கும்; பாட்டு அழிந்துவிட்டதென்று எண்ணி எறிந்துவிடாதீர்கள். ஐந்து திருகாணியுள்ள கசட் என்றால் கழற்றி, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம். ரெக்கோர்டரின் தலையைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டுத் துடையுங்கள். பஞ்சில் கபில நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பிறகு கசட்டை ஒருமுறை முழுவதும் முன்னோக்கி ஓட்டிப் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் பிரியும். சி-90 நாடா சி-60ஐ விட மெல்லியது. அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டாதீர்கள்.

ரெக்கோர்டரின் 'லைன் அவுட்' துளையிலிருந்து, அது இல்லாவிட்டால் ஹெட்ஃபோன் துளையிலிருந்து, கணினிக்கு ஒரு வயர் போதும். ஒடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. 48,000 ஹேர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்து, வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒலி அளவு காட்டும் பட்டை சிவப்பைத் தொடக் கூடாது. உச்சத்தில் மைனஸ் ஆறைச் சுற்றி நிற்பது பாதுகாப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிகாபைட் வரும். நூறு சி-60 கசட் இருந்தாலும் நூறு கிகாபைட்தான். இன்றைய ஹார்ட் டிஸ்கில் அது ஒரு மூலைக்குக் காணாது. எம்.பி.3 ஆக்கினால் அதே ஒரு மணி நேரம் அறுபது மெகாபைட்டுக்குள் அடங்கும். உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அது நல்லது. காப்பதற்கு வேவ் கோப்புத்தான்.

இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள். இரைச்சலோடு தப்பட்டையின் அதிர்வும் பாடுகிறவர் மூச்செடுப்பதும் சேர்ந்து போய்விடும். நாய் குரைப்பதும், பின்னால் யாரோ "சத்தம் போடாத" என்று அதட்டுவதும் அந்த இரவின் பகுதிதான். இருக்கட்டும். சுத்தம் செய்ய விரும்பினால் இன்னொரு பிரதியில் செய்யுங்கள்.

பதிந்து முடிந்ததும் கசட்டை எறியாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நாளை இதைவிடச் சிறந்த கருவி வரலாம்.

15. ஸ்பூல் நாடா வைத்திருப்பவர்கள் சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அது பழைய அசற்றேற்று நாடா. வினாகிரி மணம் வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது, அதற்கு முன்னுரிமை கொடுங்கள். ஓட்டும்போது கிறீச்சிட்டு, கருவியில் பசைபோல் ஒட்டினால் நிறுத்திவிட்டு அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

16. வீட்டில் எழுதிய சீடியை நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். அதில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் படலம். வெயிலும் சூடும் அதை மங்கச் செய்யும். பென் டிரைவ் எடுத்துச் செல்வதற்கு, சேமிப்பதற்கல்ல. ஹார்ட் டிஸ்கைத் தைப்பொங்கலுக்குத் தைப்பொங்கல் இணைத்து, சில கோப்புகளை ஓட்டிப் பாருங்கள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை புதிய டிஸ்குக்கு மாற்றுங்கள்.

17. தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு பை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மாத்தளையின் மலைப் பகுதிகள் பட்டதை நாம் மறக்க மாட்டோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளாகத் தருகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். ஹார்ட் டிஸ்க், பட்டியல் கொப்பி, முதல் குவியலின் கசட்டுகள் மூன்றையும் நீர் புகாத உறையில் இட்டு, அடையாள அட்டையும் உறுதிப் பத்திரமும் வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள். மஞ்சள் எச்சரிக்கை வந்ததுமே அந்தப் பையைப் பாதுகாப்பான இடத்திலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சிவப்பு வந்த பிறகு உயிர் மட்டுமே கணக்கு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

18. தீப்பிடித்துவிட்டால் பாட்டை மறந்துவிடுங்கள். எல்லோரும் வெளியே வாருங்கள், 110க்கு அழையுங்கள், திரும்ப உள்ளே போகாதீர்கள். எல்.பி. தட்டு பி.வி.சி.யால் ஆனது. அது எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு என்ற நச்சு வாயு வரும். சில மூச்சுகளிலேயே தொண்டையும் நுரையீரலும் பாதிக்கப்படும். எந்தக் கசட்டுக்காகவும் ஒருவரும் அந்தப் புகைக்குள் போகக் கூடாது. பிரதி எடுத்து வைக்கச் சொல்வதே, அப்படிப் போகத் தோன்றாமல் இருப்பதற்காகத்தான்.

19. தீ அணைந்த பிறகும் காப்பாற்ற நிறைய இருக்கும். அவசரப்படாதீர்கள். மூடிய பெட்டியை அது முழுவதும் ஆறும்வரை திறக்க வேண்டாம். கரி எண்ணெய்ப் பிசுக்குடையது. விரலால் தேய்த்தால் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். கரி படிந்த தட்டை ஊசி வைத்து ஓட்டவே கூடாது.

நனைந்தவற்றுக்கு இரண்டு நாள்தான் தவணை, அதற்குப் பிறகு பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த உறைகளிலிருந்து தட்டுகளை வெளியே எடுங்கள். எந்த உறை எந்தத் தட்டுக்கு என்று பென்சிலால் இலக்கம் எழுதி வையுங்கள். சேற்று நீரில் கிடந்த கசட்டைச் சுத்தமான நீரில், முடிந்தால் கடைசியாக வடித்த நீரில், அலசுங்கள். பிறகு நிழலில், மின்விசிறி நேராக வீசாமல், தானாக உலர விடுங்கள். ஹெயார் டிரையர் வேண்டாம், வெயில் வேண்டாம், அடுப்படி வேண்டவே வேண்டாம். முழுவதும் உலரும் வரை ஓட்டிப் பார்க்காதீர்கள். நனைந்த ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். தரவு மீட்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.

20. காப்புறுதி இருந்தால், வீட்டுப் பொருட்கள் என்ற பொதுச் சொல்லுக்குள் இசைத்தட்டுகளும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டியலும் படங்களும் அப்போது உதவும்.

21. தீயும் மழையும் இல்லாமலே தொலைந்தவைதான் அதிகம். "கேட்டுவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிப் போன கசட்டுகள் எத்தனை! இரவல் கொடுத்தால் கொப்பியில் எழுதுங்கள். மூலத்தைக் கொடுக்காமல் பிரதியையே கொடுங்கள். பெரியவர் ஒருவர் மறைந்து, முப்பத்தோராம் நாள் கழித்து வீட்டை ஒழுங்குபடுத்தும்போதுதான், பழைய சாமான் வாங்க வருபவரின் சாக்குக்குள் பெட்டிகள் போகின்றன. பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அவர்கள் மேல் குற்றமில்லை. பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டுங்கள். இதில் இருப்பது என்ன, எனக்குப் பிறகு யாரிடம் போக வேண்டும், எதை ஒருபோதும் எறியக் கூடாது என்று தெளிவாக எழுதிக் கையொப்பமிடுங்கள்.

22. வீட்டில் மட்டும் வைத்திருக்காமல் பொது ஆவணத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2005இல் தன்னார்வத் தொண்டர்களால் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனம், இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் படங்களையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் காக்கிறது. சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிராமபோன் தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும் பாதுகாக்கப்படுகின்றன. மூலத்தை நீங்கள் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் கொடுக்கலாம். பாடியவரின், அல்லது அவர் குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்டுப் பெறுவது மரியாதை. ஒப்பாரி போன்றவற்றுக்கு அது கட்டாயம்.

மலையகத்து நாட்டார் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை ஊர் ஊராகக் கேட்டு எழுதி வைத்ததால் அவற்றின் சொற்கள் நமக்குக் கிடைத்தன. மெட்டைக் காகிதம் காப்பாற்றாது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எப்படி இழுத்துப் பாடினார்கள், எங்கே தப்பு அடங்கியது, எங்கே குலவை எழுந்தது என்பதெல்லாம் சில வீடுகளில் கிடக்கும் நாடாக்களில் மட்டுமே இருக்கின்றன. உங்களிடம் ஒரு காமன் கூத்துக் கசட்டாவது இருந்தால், வரும் மாசிக்கு முன் அதைப் பிரதி எடுத்து, அந்தத் தோட்டத்து மூத்த வாத்தியாரிடம் போட்டுக் காட்டி, பாடியவர்களின் பெயரைக் கேட்டு எழுதி, ஒரு பிரதியை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள்.